வேனுக்குப் பின்னாலிருந்து குட்டி வரும்போது

எங்கள் டெஸ்ட் டிராக்கில் ஒரு சிறுவன் இருக்கிறான். ஏழு வயதுப் பிள்ளையின் உயரம், கறுப்புச் சட்டை, நீல ஜீன்ஸ். முகத்தில் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. உடம்பு முழுக்க நுரை. குழுவில் எல்லோருக்கும் அவன் 'குட்டி'. நிறுத்தி வைத்த இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து சாலைக்குள் ஓடிவருவது அவன் வேலை. அவனை ஓடவிடுவது என் வேலை. பதினோரு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

தரையோடு ஒட்டிப் போகும் பட்டை ஒன்று அவனை மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் இழுத்து வரும். எதிரே கார் வரும். காரை ஓட்டுபவர் பிரேக்கைத் தொடமாட்டார், தொடக் கூடாது. குட்டியைக் கண்டுபிடித்து நிற்க வேண்டியது காரின் பொறுப்பு. நின்றால் வேகத்தையும் இடைவெளியையும் குறித்துக்கொள்வோம். நிற்காவிட்டால் குட்டியைப் பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடியும் நிறுத்துவோம்.

இந்த வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கைப் போட்டுக் காட்டுவேன். கார் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வருகிறது என்றால் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறது. வேனுக்குப் பின்னாலிருந்து குழந்தை தலைகாட்டிய கணத்திலிருந்து கார் அவனைத் தொடும் கணம் வரைக்கும் நமக்குக் கிடைப்பது அந்த ஒரே நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதருக்குக் கண்ணில் பட்டு, மூளைக்குப் போய், கால் ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்கு மாறுவதற்குள்ளேயே அந்த நொடி தீர்ந்துவிடும். அவர் எவ்வளவு நல்ல ஓட்டுநராக இருந்தாலும் 40-லேயே இடிப்பார். கார் தானே 0.3 நொடியில் முடிவெடுத்து, காய்ந்த சாலையில் முழு பிரேக்கும் போட்டால், முடிவெடுக்கும் நேரத்தில் 3 மீட்டர் சொச்சமும் நிற்பதற்கு 7 மீட்டரும் ஆகும். மொத்தம் 10 சொச்சம். குழந்தைக்கு முன்னால் நின்றுவிடும். அதே கார் 50-ல் வந்து, அப்போதும் அதே ஒரு நொடி, அதாவது 14 மீட்டர் சொச்சம் குறைய, கிடைத்திருந்தால் நிற்க இடம் போதாது. ஆனாலும் இடிக்கும்போது வேகம் ஏறத்தாழ 15-க்கு இறங்கியிருக்கும். 50-ல் இடிபட்ட பிள்ளைக்கும் 15-ல் இடிபட்ட பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் அப்பா வாடகைக்கு கார் ஓட்டியவர். பின் இருக்கையில் பயணிகள் விட்டுப்போன வார இதழ்களை இரவில் வீட்டுக்குக் கொண்டுவருவார். அவற்றில் வரும் விஞ்ஞானக் கதைகளை நான் சத்தமாகப் படிக்க, அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் படுத்தபடி கேட்பார். அந்தக் கதைகளில் கார் பேசும், வழி சொல்லும். முதலாளி பின்னால் தூங்க, வண்டி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு நாள் நடுவில் நிறுத்தச் சொன்னார். "பார்த்தியா பாப்பா, இந்தக் கதைங்கள்ல கார் முன்னாடி ஒருத்தர்கூட குறுக்க வரமாட்டேங்கிறாங்க."

ஓட்டுநருக்குத்தான் அது கண்ணில் படும். வளர்ந்த பிறகு, 1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் வைத்த 'ஃபியூச்சராமா' பற்றிப் படித்தபோது அவர் சொன்னது ஞாபகம் வந்தது. நகரும் நாற்காலிகளில் உட்கார்ந்து மக்கள் 1960-ம் வருடத்து உலகத்தின் மாதிரியைக் குனிந்து பார்த்தார்களாம். ரேடியோவால் கட்டுப்படுத்தப்பட்டு, இடைவெளி தவறாமல் ஓடும் கார்கள். வடிவமைத்தவர் நார்மன் பெல் கெடஸ். அந்த நகரத்தில் நடந்து போகிறவர்களுக்கு உயரத்தில் தனிப் பாதை போட்டிருந்தார். சாலையில் மனிதனே இல்லை. மனிதனை எடுத்துவிட்டால் தானே ஓடும் கார் அவ்வளவு கஷ்டமான காரியம் இல்லை. 1995-லேயே ஜெர்மன் பொறியாளர் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் குழுவின் கார் மியூனிக்கிலிருந்து டென்மார்க் வரை, பெரும்பகுதி தானாகவே, சில இடங்களில் மணிக்கு 175 கி.மீ. வேகத்தைத் தாண்டியும் ஓடியிருக்கிறது. ஆனால் அது நெடுஞ்சாலை. அங்கே வேன் மறைவிலிருந்து பையன்கள் வருவதில்லை.

அப்பாவுக்கு முன்னால் ஒருவன் வந்தான்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பொழுது சாய்ந்து, தெருவிளக்கு எரிவதற்கு முந்திய நேரம். குறுகலான தெரு, ஓரத்தில் ஒரு வேன். பையன் வெளியே ஓடிவந்தான். அப்பா வேகமாகப் போகவில்லை. பிரேக் போட்டார். போதவில்லை. பையனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பிழைத்துக்கொண்டான், பல மாதம் கழித்து நடந்தான். அப்பா மேல் தவறில்லை என்று விசாரணையில் எழுதிக்கொடுத்தார்கள். அவர் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கலாம்" என்பார். சாப்பிடும்போது சொல்வார், தூங்கப் போகும்போது சொல்வார். அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வேறு யாராவது ஓட்டும் காரில் முன்னால் உட்கார்ந்தால், யாரோ சாலையைக் கடக்கும்போதெல்லாம் அவருடைய வலது கால் கீழே விரிப்பை அழுத்தும். நான் பின்னாலிருந்து அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே வருவேன்.

வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடம், பயிற்சி வகுப்பு ஒன்றில், பிரேக் அசிஸ்ட் எப்படி வந்தது என்று சொன்னார்கள். 1990-களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர்கள் பெர்லினில் இருந்த சிமுலேட்டரில் சாதாரண ஓட்டுநர்களை உட்காரவைத்து, திடீரென்று ஆபத்தை எதிரே கொண்டுவந்து நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலானோர் சட்டென்று பிரேக்கை மிதித்தார்கள். ஆனால் முழு பலத்தோடு மிதிக்கவில்லை. கால் வேகமாகப் போகிறது, கடைசி வரை அழுத்தத்தான் தயங்குகிறது. தினமும் மெதுவாக மிதித்தே பழகிய கால் அது. அதனால்தான் 1996-ல், மிதி இறங்கும் வேகத்தை வைத்தே 'இது அவசரம்' என்று புரிந்துகொண்டு மீதி அழுத்தத்தைக் காரே கொடுக்கும் ஏற்பாடு வந்தது.

அன்று மாலையே அப்பாவுக்குப் போன் செய்தேன். "அப்பா, எல்லார் காலும் அப்படித்தானாம்" என்றேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. "யாரு சொன்னா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

விஞ்ஞானக் கதையை நிஜம் எட்டிப் பிடித்துவிட்டது என்று இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த வார்த்தை பிடித்திருக்கிறது, ஆனால் எந்த இடத்தில் எட்டிப் பிடித்தது என்று பார்க்க வேண்டும். ஆளில்லாமல் ஓடும் டாக்சிகள் சில நகரங்களில் ஓடுவதும் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. என்னை மெய்சிலிர்க்க வைப்பது வேறு. 2003-ல் ஜப்பானில் ஹோண்டா, ரேடார் வைத்து மோதலுக்கு முன் தானாக பிரேக் போடும் காரை விற்றது. 2008-ல் வால்வோ, முன்கண்ணாடிக்குள் லேசர் உணரி ஒன்றைப் பொருத்தி, மணிக்கு 30 கி.மீ.க்குக் குறைவான நகர வேகத்தில் தானே நிற்கும் காரைக் கொண்டுவந்தது. யாரும் ஊர்வலம் போகவில்லை. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து விற்கப்படும் ஒவ்வொரு புதுக் காரிலும் தானியங்கி அவசர பிரேக் இருந்தே ஆக வேண்டும். ஓட்டுநர் தூங்கிவழிந்தால் எச்சரிக்கவும் வேண்டும். 16 வருடத்தில் ஓர் அதிசயம் சட்டத்தின் ஒரு வரியாகிவிட்டது.

இதற்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ரேடார் பெரும்பாலும் பம்பருக்கோ முன் கிரில்லுக்கோ பின்னால் இருக்கும். 77 கிகாஹெர்ட்ஸ் அலை. எதிரே இருப்பது எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்று மழையிலும் சரியாகச் சொல்லும். என்ன பொருள் என்று கேட்டால் தடுமாறும். கேமரா அதற்கு நேர்மாறு. இது மனிதன், இது சைக்கிள் என்று சொல்லிவிடும். தூரத்தை நேரடியாக அளக்காது, படத்திலிருந்து கணித்துத்தான் சொல்லும். எதிர்வெயில் அடித்தால் திணறும். இரண்டும் பொருத்திய கார், அவை ஒத்துச் சொல்வதை வைத்துத்தான் முடிவெடுக்கிறது.

இதில் ஒரு பழைய தலைவலி உண்டு. சாலை முழுக்க அசையாத இரும்பு. பாதாளச் சாக்கடை மூடி, பெயர்ப்பலகை, மேம்பாலத்தின் அடிப்பகுதி. ரேடாருக்கு இவையெல்லாம் எதிரே நிற்கும் பொருள்கள்தான். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் காரில் உட்கார முடியாது, பின்னால் வருகிறவர் வந்து இடிப்பார். அதனால் ஆரம்பகால அமைப்புகள் அசையாத பொருள்களைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டன. நின்றுகொண்டிருக்கும் காரும் அந்தப் பட்டியலில் போய்விட்டது. அதை மீட்டுக் கொண்டுவர கேமரா முதிர வேண்டியிருந்தது.

குட்டிக்குக் கால் ஆடும். இதைப் பார்க்க வருகிறவர்கள் 'அழகுக்காக' என்று நினைக்கிறார்கள். நடக்கும் மனிதனின் உடம்பு ஒரு வேகத்தில் போகும், கால் ஒன்று முன்னே வீசும்போது வேறு வேகம், பின்னே போகும்போது வேறு வேகம். ரேடாரில் அது ஒரு துடிப்பாகத் தெரியும். அந்தத் துடிப்பை வைத்து 'இது கம்பம் இல்லை, ஆள்' என்று அறிய முடியும். கால் விறைத்த பொம்மையை இழுத்து வந்தால் காருக்கு அது சரியான பரீட்சை ஆகாது. மாதத்துக்கு ஒருமுறை குட்டியின் இடுப்பு மூட்டுகளைக் கழற்றிச் சரிபார்ப்பேன். சில சமயம், அது எந்த இடுப்பு என்று மனதில் வந்துபோகும்.

எங்களிடம் பொய்க்கார் ஒன்றும் உண்டு. நுரைப் பலகைகளை வெல்க்ரோவால் ஒட்டி, மேலே காரின் படம் அச்சிட்ட உறை. ஒரு சாண் உயரம்கூட இல்லாத தட்டையான ரோபோ மேடைமேல் அது ஓடும். இடித்தால் பலகை பலகையாகச் சிதறும், மேடைமேல் நிஜக் கார் ஏறிப் போய்விடும். பத்து நிமிடத்தில் திரும்ப அடுக்கிவிடுவோம். காற்று அடிக்கும் நாளில் பெரும் பாடு.

கதைகள் நினைத்தே பார்க்காத இடத்துக்கு நிஜம் போயிருப்பதற்கு எனக்கு ரொம்பப் பிடித்த ஓர் உதாரணம். மோதலின்போது வரும் சத்தமும் ஏர்பேக் வெடித்து விரியும் சத்தமும் காதைப் பாதிக்கும். நம் காதுக்குள் ஸ்டேப்பீடியஸ் என்று ஒரு குட்டித் தசை உண்டு. பெரிய சத்தம் கேட்டால் அது இறுகி, உள்காதுக்குப் போகும் அதிர்வைக் குறைக்கும். ஆனால் இறுகக் கொஞ்சம் நேரம் வேண்டும். 2016-ல் வந்த மெர்சிடிஸ் ஈ-கிளாஸ், மோதல் தவிர்க்க முடியாது என்று தெரிந்ததும், மோதுவதற்கு முன்பே ஸ்பீக்கரில் சட்டென்று ஓர் இரைச்சலைப் போடும். தசை இறுகிவிடும். பிறகுதான் நிஜச் சத்தம் வரும். ஒரு கார், தன்னுள்ளே இருப்பவரின் காதுக்குள் இருக்கும் ஒரு தசையை முன்கூட்டியே எழுப்பிவிடுகிறது! இதைப் படித்த அன்று பேருந்தில் பக்கத்தில் இருந்தவரிடமே சொல்லிவிட்டேன். அவருக்கும் ஆச்சரியம் தாங்கவில்லை.

எல்லாம் இப்படி இனிப்பாக இல்லை. 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி நகரில், சோதனை ஓட்டத்தில் இருந்த தானியங்கி கார் ஒன்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை இடித்துக் கொன்றது. அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையை நான் பலமுறை படித்திருக்கிறேன். இடிப்பதற்கு 5.6 நொடிக்கு முன்பே உணரிகள் அவரைக் கண்டுவிட்டன. நூறு மீட்டருக்கும் மேல் தூரம் இருந்தது. ஆனால் அமைப்பு அவரை ஒருமுறை வாகனம் என்றது, ஒருமுறை இன்னதென்று தெரியாத பொருள் என்றது, ஒருமுறை சைக்கிள் என்றது. ஒவ்வொரு முறை பெயர் மாறியபோதும் அதுவரை அவர் நகர்ந்து வந்த தடத்தைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டது. கடக்கும் இடமல்லாத இடத்தில் ஒருவர் நடந்து கடப்பார் என்ற எண்ணமே அந்த மென்பொருளில் இல்லை. கண்காணிக்க அமர்ந்திருந்தவர் சாலையைப் பார்க்கவில்லை. இன்னொன்றும் உண்டு. அந்தக் காரில் தயாரிப்பாளரே பொருத்திக் கொடுத்த சாதாரண அவசர பிரேக் இருந்தது. தானியங்கி ஓட்டத்தின்போது அதை அணைத்து வைத்திருந்தார்கள்.

அந்தக் கடைசி வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பெரிய கனவுக்காகச் சின்னக் காவலை அணைத்துவிட்டார்கள். 1939-ன் கண்காட்சியில் சாலையில் ஆள் இல்லை, 2018-ன் மென்பொருளிலும் குறுக்கே வரும் ஆள் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வருடத்துக்கு ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாலையில் சாகிறார்கள். அதில் பாதிக்கு மேல் நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களும்தான். 5 வயதிலிருந்து 29 வயது வரை உள்ளவர்களுக்கு மரணத்தின் முதல் காரணமே சாலைதான். குறுக்கே வருகிற ஆளை மறந்துவிட்டு எழுதப்படும் எந்த எதிர்காலமும் எனக்கு வேண்டாம்.

தானாக பிரேக் போடுவது எரிச்சலாக இருக்கிறது என்று அணைத்து வைப்பவர்களை எனக்குத் தெரியும். தேவையில்லாத இடத்தில் கார் திடீரென்று நிற்பதும் உண்மை, அதுவும் ஆபத்துதான். நாங்கள் அதற்கும் சோதனை வைக்கிறோம். பயந்து பயந்து நிற்கும் கார் எங்களிடமும் மதிப்பெண் வாங்காது. ஆனால் சரியாக வேலை செய்யும் இடத்தில் இதன் பலன் சின்னதில்லை. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நிஜ விபத்துகளை ஆராய்ந்ததில், தானியங்கி பிரேக் உள்ள கார்கள் முன்னால் போகும் வண்டியில் இடிப்பது பாதியாகக் குறைந்திருந்தது. பாதசாரிகள்மேல் மோதுவது 27 சதவீதம் குறைந்திருந்தது.

போன மாதம் எங்கள் டிராக்கில் குடும்பத்தினரை அழைத்துவர ஒரு நாள் கொடுத்தார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வயது எழுபத்து மூன்று. முன் இருக்கையில் அவர், பின்னால் நான், ஓட்டியது எங்கள் மூத்த சோதனை ஓட்டுநர். "ஐயா, நான் பிரேக்கைத் தொடமாட்டேன், பயப்படாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். குட்டியை இயக்க அன்று வேறு ஒருவர்.

40-ல் போனோம். ஓரத்தில் வேன். எனக்கு அடுத்து என்ன நடக்கும் என்று நன்றாகத் தெரியும், இருந்தும் கை வியர்த்தது. குட்டி வந்தான். பீப் என்ற சத்தமும் பெல்ட் இறுகுவதும் தலை முன்னால் போவதும் ஒன்றாக நடந்தன. கார் நின்றுவிட்டது. பம்பருக்கும் குட்டிக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும்.

நான் அப்பாவின் காலைத்தான் பார்த்தேன். வலது கால் விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது, குதிகால் தூக்கியிருந்தது. கார் நின்ற பிறகும் அவர் அதை எடுக்கவில்லை. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பெரிய மனிதர் அவர்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனார். குட்டியின் முன்னால் நின்றார். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது, அதை இழுத்துச் சரிசெய்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இருட்டுலயும் நிக்குமா, பாப்பா?" என்றார்.

அவரிடம் நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. நான் சொன்ன அந்த 27 சதவீதம் பகலையும் இரவையும் சேர்த்த மொத்தக் கணக்கு, தெருவிளக்கில்லாத இருட்டில் வித்தியாசமே தென்படவில்லை என்று அதே ஆய்வு சொல்கிறது. சாலைப் பணியாளர்கள் அணியும் மின்னும் பட்டைகள் போட்ட பொம்மையைக்கூட, மூன்று கார்களை வைத்துச் செய்த பிற்காலச் சோதனை ஒன்றில், இரண்டு கார்கள் பெரும்பாலான ஓட்டங்களில் இடித்துவிட்டன. மனிதனின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று போட்டது, காரின் கண்ணைக் குழப்பிவிட்டது. இருட்டையும் சேர்த்துச் சோதிக்கும் விதிமுறைகள் வந்துவிட்டன, வெப்பத்தை வைத்து உடம்பைக் காணும் கேமராக்களும் வந்துகொண்டிருக்கின்றன, சில கார்கள் முன்பைவிட நன்றாக நிற்கின்றன. எல்லாக் கார்களும் இல்லை. இதை அப்படியே சொன்னேன்.

அவர் தலையாட்டினார். குட்டியின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை இரவு ஓட்டம் இருக்கிறது. டிராக்கின் விளக்குகளை அணைத்துவிட்டு, முகப்பு விளக்கின் தாழ்ந்த வெளிச்சத்தில் மட்டும் ஓட்டுவோம். அதே வேன், அதே கறுப்புச் சட்டை. அப்பா தானும் வருகிறேன் என்கிறார். மேலதிகாரியிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.